ரத்னம்மா எடுக்கச் சொன்ன புள்ளி

1

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மகள் ஷெரின் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உங்கள் கோரிக்கையின்படி அந்தப் புள்ளி வரைபடத்திலிருந்து நீக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல்.

நான் ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பதினோரு வருடம். நான் எழுதிக் கேட்ட எதுவும் இங்கே லேசில் நடந்ததில்லை. வந்த புதிதில் என் அப்பாவின் முதலெழுத்தை என் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். ஆறு மாதம் என் பெயர் 'திருமதி ஜே'. மருத்துவமனையில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எழுந்து போனேன். மாற்றச் சொல்லி எழுதினால், அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று விளக்கம் கேட்டார்கள். அது என் அப்பா என்று எழுதினேன். அப்பாவிடமிருந்து ஒரு சான்று கேட்டார்கள். அவர் மத்திகிரி கல்லறையில் இருக்கிறார்.

ஷெரினின் கோரிக்கை மூன்றே கடிதத்தில் நடந்துவிட்டது. அவளுக்கு வயது பதினைந்து.

நீக்கப்பட்ட புள்ளி சூளகிரிக்குப் பக்கத்தில் ஒரு பாறை மேல் இருந்தது. அதை எடுக்கச் சொன்னவர் ரத்னம்மா. அந்தப் பாறையின் அடியில் தக்காளியும் கொத்தமல்லியும் போடுகிறவர். இந்த விஷயத்தை என்னோடு வேலை செய்யும் இரண்டு ஜெர்மன்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்கள். அதனால் ஊரில் இருப்பவர்களுக்கு எழுதுகிறேன்.

2

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுக்க யாரோ சிலர் பாறை இடுக்கிலும் மரப்பொந்திலும் பாலத்துக்கு அடியிலும் டப்பாக்களை ஒளித்து வைக்கிறார்கள். வைத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை இணையத்தில் போடுகிறார்கள். அது வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். வேறு சிலர் போனைப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்கிறார்கள். டப்பாவுக்குள் ஒரு நோட்டு இருக்கும். அதில் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். பரிசு கிடையாது. இதற்குப் பெயர் ஜியோகேச்சிங்.

ஷெரின் பத்து வயதில் இதைப் பிடித்துக்கொண்டாள். ஆரம்பத்தில் நானும் கூடப் போவேன். ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள், அந்தக் காடுகளில் எனக்குப் பாம்புப் பயம் இல்லை, திருடன் பயம் இல்லை. ஆள் பயம் இருந்தது. ஒருமுறை ரயில் பாலத்துக்கு அடியில் நான் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன். யாரோ போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்த போலீஸ்காரர் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். என் ஜெர்மனுக்கு எட்டியதைச் சொன்னேன்: "பெட்டி தேடுகிறேன். யார் வைத்தது என்று தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்றும் தெரியாது."

அடையாள அட்டையைக் கேட்டார். ஷெரின் ஓடி வந்து இரண்டு வார்த்தை சொன்னாள். அவர் குனிந்து, நான் அரை மணி நேரம் தேடிய டப்பாவை எடுத்துக் கொடுத்தார். அவரும் விளையாடுகிறவராம். ஆனாலும் அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய பயம் எனக்கு உயரம். காரணம் எல்லாம் கிடையாது. சின்ன வயதில் எங்கிருந்தும் விழவில்லை. பயம், அவ்வளவுதான். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அதனால் ஓசூர் மலைக்கோயில் படிகளில் நான் ஏறாததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. மதம் எனக்குச் செய்த உதவிகளில் அது ஒன்று. ஓசூரில் வேலை செய்த கம்பெனியில் இரும்புப் படி ஏறி மாடிக்குப் போகச் சொன்னார்கள் என்று பதவி உயர்வையே வேண்டாம் என்றேன். முட்டி வலி என்று எழுதிக் கொடுத்தேன்.

ஷெரின் தேடுவது பாதிக்கு மேல் மலையில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நான் அடிவாரத்தில் நிற்பேன், அவள் ஏறுவாள். முதலில் "வாம்மா, வாம்மா" என்று கெஞ்சினாள். பிறகு கோபப்பட்டாள். அப்புறம் நான் வாயைத் திறக்கும் முன்பே, "நீ கீழேயே இரும்மா" என்று சொல்லப் பழகினாள். கனிவாகத்தான் சொல்வாள். எனக்கு அந்தக் கனிவுதான் எரிச்சல். அப்புறம் அதுவும் நின்றது. இப்போது தோழிகளோடு போகிறாள். எங்கே போகிறாள் என்று எனக்கு அவள் வைத்துவிட்டுப் போகும் சீட்டில்தான் தெரியும். சீட்டு ஜெர்மனில் இருக்கும்.

ஒரே ஒரு தடவை, அவள் "கீழேயே இரு" என்று சொல்லாமல், நான் ஒரு மேட்டின் உச்சி வரைக்கும் அவளோடு போய்விட வேண்டும். இதைவிடப் பெரிதாக எனக்கு இந்த விஷயத்தில் எந்த ஆசையும் இல்லை.

3

ஆகஸ்டில் மத்திகிரிக்கு வந்தோம். என் தம்பி எட்வின் வீட்டில் தங்கினோம். மூன்றாம் நாளே ஷெரினுக்கு அலுத்துவிட்டது. கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் அந்த வரைபடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூர் பக்கம் புள்ளிகள் கொட்டிக் கிடந்தன. எல்லை தாண்டி நம் பக்கம் வந்தால் எண்ணி நாலைந்து. அதில் ஒன்று சூளகிரிக்குப் பக்கத்தில். பெங்களூர்க்காரர் ஒருவர் வைத்தது. வைத்தவர் மூன்று வருடமாக இந்த விளையாட்டிலேயே இல்லை. கடைசியாகத் தேடிப் போன நாலு பேரும் 'கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள்.

"நான் கண்டுபிடிப்பேன்" என்றாள்.

எட்வின் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அன்றைக்கு மதிய ஷிப்ட். போகிற வழியில் எங்களை இறக்கி, கூடவே இருந்து, பிறகு பஸ் ஏற்றிவிடுவதாகச் சொன்னான். கம்பெனிச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகக் காரை எடுத்தான். எடுப்பதற்கு முன் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம்.

"நீயும் மேல வர்றியாடா?" என்றேன்.

"பயம் எல்லாம் இல்லக்கா. யாராவது வண்டிய பாத்துக்கணும்ல."

"வண்டிய யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

"பாத்துக்கணும்ல" என்றான் மறுபடியும்.

ஹைவேயை விட்டு இறங்கி, ஒரு பக்கம் கம்பெனிச் சுவர், மறுபக்கம் ரோஜாத் தோட்டம் என்று போகிற ரோட்டில் போய், மண் பாதை முடிகிற இடத்தில் நிறுத்தினான். முன்னால் பாறை. நான் நினைத்ததைவிடப் பெரிது. நடுவில் ஒரு செடிகூட இல்லாமல் மொட்டையாகச் சரிந்திருந்தது. உச்சியில் தலை மாதிரி ஒரு உருண்டைக் கல்.

ஷெரின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

4

பாறைக்குப் போக வேண்டுமென்றால் கொத்தமல்லிக் காட்டின் வரப்பில்தான் நடக்க வேண்டும். ஷெரின் முன்னால், போனை நெஞ்சுக்கு நேரே தட்டையாகப் பிடித்தபடி, நாலடிக்கு ஒருமுறை நின்று நின்று நடந்தாள். நான் பின்னால். எனக்குப் பின்னால், "இங்க நாய் இருக்கும் போலிருக்கே" என்று சொல்லிக்கொண்டே எட்வின். வண்டியைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

ஒரு பெண் தக்காளிக் குச்சிகளுக்கு நடுவிலிருந்து எழுந்து நின்றார். என் வயதுதான் இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை.

"நில்லுங்க. அங்கயே நில்லுங்க."

நின்றோம்.

"எந்த ஆபீசு?"

"ஆபீஸ் எல்லாம் இல்லீங்கக்கா" என்றேன். "சும்மா பாறை பாக்க வந்தோம்."

"பாறைய பாக்கறவ பாறைய பாக்கணும். அந்தப் பொண்ணு கையில இருக்கறதயில்ல பாத்துட்டு வருது?" ஷெரினின் போனைக் காட்டினார். "அது எவ்ளோ தூரம் காட்டுது?"

ஷெரினுக்குக் கேள்வி புரிந்தது. உண்மையைச் சொன்னாள். "நூத்தி அறுபது மீட்டர்."

"பாத்தியா" என்றார் அந்தப் பெண், யாரையும் பார்க்காமல். பிறகு என்னிடம், "நீ என்ன வேலை பாக்கற?"

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுவேன். அதனால் இழந்தது கொஞ்சமில்லை. "அளவு எடுக்கற வேலைங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. நான் இரும்பு உதிரிப் பாகங்களை அளக்கிறவள். ஓசூரிலும் அதுதான், ஜெர்மனியிலும் அதுதான். ஒரு ரோமத்தின் பருமனில் பாதி கூடினாலும் குறைந்தாலும் தள்ளிவிடுவது என் வேலை. இதை விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. அவர் பார்வை எட்வினின் அடையாள அட்டை மேல் இருந்தது.

"கம்பெனி ஆளையும் கையோட கூட்டியாந்துட்டீங்க" என்றார். "போன தடவையும் இப்படித்தான். ஒரு கம்பி, அது மேல தொப்பி மாதிரி ஒண்ணு. நாலு பேரு வந்தாங்க. என்னன்னு கேட்டோம். சும்மா பாக்கறோம்னாங்க. மோர் குடுத்தேன், குடிச்சாங்க. மூணு மாசத்துல நோட்டீசு வந்துச்சு. பாதிக் காடு போச்சு. இப்ப மிச்சம் இருக்கறதுக்கு வந்திருக்கீங்க."

எட்வின் அட்டையைச் சட்டைக்குள் போட்டான். அது இன்னும் மோசமாகத் தெரிந்தது.

"எந்த கேட்டு நீ?" என்றார் அவனிடம்.

"ரெண்டாவது கேட்டுங்க."

"எங்க வீட்டுக்காரரு அங்கதான் செக்யூரிட்டி. நாராயணப்பா."

"நாராயணப்பா அண்ணனா?" எட்வினுக்கு உயிர் வந்தது. "தினம் என் பைய தொறந்து பாக்கறவரே அவருதானுங்களே."

அந்தப் பெண் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தெலுங்கில் பேசினார். எட்வின் என்று ஒருவன் உண்டா, நிறம் என்ன, மீசை எப்படி என்று விசாரித்தார். அவ்வளவு தெலுங்கு ஓசூர்க்காரர்களுக்குத் தெரியும். போனை வைத்துவிட்டு, "ரெண்டு டிபன் பாக்ஸ் எடுத்துட்டுப் போவியாமே" என்றார்.

"ஒண்ணு நைட்டுக்குங்க" என்றான் எட்வின்.

இப்படித்தான் ரத்னம்மா எங்களை உட்காரச் சொன்னார். மோர் கொடுக்கவில்லை.

5

நான் விளையாட்டைச் சொன்னேன். டப்பா, புள்ளி, நோட்டு, கையெழுத்து, திரும்ப வைப்பது. சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி இருந்தது. கொத்தமல்லிக் காட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டு சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ரத்னம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "பச்சை டப்பாவா?" என்றார்.

ஷெரின் நிமிர்ந்தாள்.

காட்டை ஒட்டியே வீடு. உள்ளே போய் முதலில் ஓர் உரச் சாக்கை இழுத்து வந்து கொட்டினார். சிவப்புப் பெயின்ட் அடித்த மரக் குச்சிகள், ரிப்பன் கட்டிய ஆணிகள், எண் எழுதிய ஒரு கல். "பாறையிலயும் வரப்புலயும் எது முளைச்சாலும் புடுங்கியாந்துருவேன்" என்றார். பிறகு பீரோவைத் திறந்து, பட்டா நகல் இருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்தப் பச்சை டப்பாவை எடுத்தார்.

"இது மட்டும் ஏன் பீரோவுல வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"தொறந்து பாத்தேன். உள்ள நோட்டு. நோட்டு பூரா பேரு, தேதி, கையெழுத்து. பேரும் தேதியும் கையெழுத்தும் இருந்தா அது பத்திரம் இல்லாம வேற என்ன? வக்கீலு சொல்லிருக்காரு, கையெழுத்து போட்ட எதையும் தூக்கிப் போடாதன்னு."

அதோடு நிற்கவில்லை அவர். நோட்டின் பக்கங்களை நகல் எடுத்து, கிருஷ்ணகிரியில் திங்கட்கிழமை மனு வாங்கும் இடத்தில் கொடுத்திருக்கிறார். "எங்கள் மலையில் அனுமதியின்றிக் குறியீடு வைத்த கீழ்க்கண்ட நபர்கள் மீது விசாரணை செய்யுமாறு" என்று மனு. முத்திரை வைத்த ரசீதைக் காட்டினார். இணைப்பைப் பார்த்தேன். இந்த விளையாட்டில் யாரும் சொந்தப் பெயர் எழுத மாட்டார்கள், பட்டப் பெயர்தான். முதல் நபர் 'பாறைப் பல்லி'. இரண்டாவது நபர் 'டபுள் சாயா'. மூன்றாவது நபர் வெறும் ஒரு தவளைப் படம்.

"என்ன பதில் வந்துச்சு?"

"விசாரணைல இருக்குன்னாங்க."

ஷெரின் சிரிக்கவில்லை. சிரித்துவிடுவாளோ என்று நான் பயந்திருந்தேன். அவள் அந்த மரக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு பேர் தேடிட்டுக் கிடைக்கலன்னு எழுதியிருந்தாங்க. அவங்களும் இந்த வழியாதான வந்திருப்பாங்க?" என்றாள் என்னிடம்.

"வந்தாங்க" என்றார் ரத்னம்மா. "ஒவ்வொரு தடவயும் எவனாவது போனப் பாத்துட்டு வரப்புல வந்தா எனக்கு ஒரு வாரத்துக்குச் சோறு எறங்காது. இந்த டப்பாவ எடுத்துட்டா வர மாட்டாங்கன்னுதான் எடுத்தேன். அப்புறமும் வர்றாங்க."

அவர் எழுந்து டப்பாவை மடியில் கட்டினார். "வா. நீ சொல்ற எடத்துலதான் இது இருந்துச்சான்னு பாப்போம். உன் மெசினு அங்க கொண்டு போய் நிறுத்துனா, நீ சொல்றது நெசம்."

6

வரப்பு முடிந்து மொட்டைப் பாறை தொடங்கிய இடத்தில் ஷெரின் திரும்பி, "அம்மா, நீ கீழேயே இரு" என்றாள்.

"எதுக்கு இருக்கணும்?" என்றார் ரத்னம்மா. "அளக்கறவ கீழ தனியா நின்னா நான் மேல போயி என்ன பண்றது? ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி இருக்கணும். அந்தத் தம்பி வேணா இருக்கட்டும். அவரு எங்க வேலை செய்யறாருன்னு தெரியும்."

எட்வின் உடனே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

ஐந்து வருடமாக எந்த மலைக்கும் என்னை ஏற்ற முடியாத பாசத்தை எல்லாம் விட்டுத் தள்ளுங்கள். ரத்னம்மா என்னை நம்பாததால் நான் ஏறினேன்.

"செருப்ப கழட்டு" என்றார். ஷெரினின் மலையேறும் பூட்ஸையும் காட்டி, "அதையும்தான். கல்லுக்குக் கால்தான் புடிக்கும்."

கழற்றினோம். பாறை காலுக்குச் சுட்டது, ஆனால் பிடித்தது. பத்தடி போனதும் எப்போதும் செய்வதைத்தான் செய்தேன்: கண்ணை மூடினேன்.

"கண்ணத் தொற. கீழ பாரு."

"கீழ பாக்கக் கூடாதுன்னுதான எல்லாரும் சொல்வாங்க?"

"காலு எங்க வெக்கறன்னு பாக்காம எப்படி ஏறுவ? கருப்பா கோடு ஓடுது பாரு, அது தண்ணி எறங்கற எடம், வழுக்கும். வெள்ளையா இருக்கற எடத்துல வெய்யி."

வெள்ளையில் வைத்தேன். பாதியில் என் கால் ஆட ஆரம்பித்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெபம் சொல்லிப் பார்த்தேன், முதல் வரிக்கு மேல் ஞாபகம் வரவில்லை. கடைசியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு மேலே நகர்ந்தேன். அழகான காட்சி இல்லை. என் சுடிதாரின் பின்பக்கம் அன்றோடு போயிற்று.

உச்சிக் கல்லுக்குக் கீழே ஒரு குடைவு. அங்கே ரத்னம்மா கையைக் காட்டி நிறுத்தினார். மேலே பார்த்தேன். மூன்று பெரிய தேன் அடைகள், முறம் அளவுக்கு, கருப்பாகத் தொங்கின. அடையின் மேல்தோல் அசைந்துகொண்டே இருந்தது.

ரத்னம்மா மெல்ல ஷெரினை முகர்ந்து பார்த்தார். "என்ன கண்ணு பூசியிருக்க, கமகமன்னு?"

"சன் க்ரீம்" என்றாள்.

"பூ வாசம் அதுங்களுக்குப் புடிக்கும்" என்றார். "பேசாம, கை வீசாம வா. ஓடினா தொரத்தும்."

ஷெரினின் முகம் வெளுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஆல்ப்ஸ் பக்கம் கயிற்றில் தொங்கினவள் அவள். என் கையைப் பிடித்தாள். நான் ஏற்கனவே நடுங்கிக்கொண்டிருந்தேன், அவளும் நடுங்கினாள், அதனால் எந்த நடுக்கம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படியே இருபது அடி நடந்தோம். பயந்தவர்களில் எனக்கு அனுபவம் அதிகம் என்பதால் நான் முன்னால் போனேன்.

7

உச்சியில் நான் நிற்கவில்லை. உட்கார்ந்தேன். ஆனால் உச்சியில் உட்கார்ந்தேன்.

ஷெரினின் போன் ஓர் இடுக்குக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தியது. ரத்னம்மா குனிந்து பார்த்து, "இங்கதான் இருந்துச்சு" என்றார். அவர் குரலில் முதல் தடவையாகக் கடுமை கொஞ்சம் இறங்கியது. மடியிலிருந்து டப்பாவை எடுத்து ஷெரினிடம் கொடுத்தார்.

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கீழே காட்டினார். ஹைவே, லாரிகள், கோஸ் காடு, அதைத் தாண்டி நீலத் தகரக் கூரை. நீளமாக, மூன்று ஊர்களை ஒன்றாகச் சேர்த்த மாதிரி.

"அந்த நீலத்துக்கு ஓரத்துல வெள்ளையா ஒரு டேங்கு தெரியுதா? அதுக்கு அடியிலதான் எங்க கெணறு. மூடிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு தெனம் அதுக்கு முன்னாடிதான் நிக்கறாரு, உங்க தம்பி பைய தொறந்து பாத்துட்டு."

ஓசூரில் நான் ஏழு வருடம் ஒரு கம்பெனியில் அளந்தேன். அந்தக் கம்பெனி என் குடும்பத்துக்குச் சோறு போட்டது, எனக்கு ஜெர்மனிக்கு வழி காட்டியது. இரும்பின் அளவு எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கட்டடத்துக்கு அடியில் யாருடைய கிணறு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பது பதில் இல்லை. இங்கே ஜெர்மனியில் கம்பெனி வளாகத்தில் ஒரு பழைய ஆப்பிள் மரம் யார் நட்டது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதை நின்று படித்தவள் நான்.

ஷெரின் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்திருந்தாள்.

"எழுது கண்ணு" என்றார் ரத்னம்மா. "உன் பேரையும் போடு. அடுத்த மனுவுல சேத்துக்கறேன்."

அது கிண்டலா நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஷெரின் என்னிடம் ஜெர்மனில், மனு என்றால் சரியாக என்ன என்று கேட்டாள். சொன்னேன். எழுதாவிட்டால் இந்த விளையாட்டில் கண்டுபிடித்ததாகவே கணக்கில்லை. நாலு பேருக்குக் கிடைக்காதது அவள் கையில் இருந்தது.

பேனாவை மூடினாள்.

"ஆன்ட்டி, டப்பாவ எடுத்தாலும் ஆளுங்க வருவாங்க. ஏன்னா மேப்ல புள்ளி இருக்கு. டப்பா இல்லன்னு புள்ளிக்குத் தெரியாது. புள்ளியத்தான் எடுக்கணும்."

"புள்ளிய எப்படி எடுக்கறது?"

"எழுதிக் கேக்கணும்."

"மனுவா?"

"ஆமா. மனுதான்."

ரத்னம்மா அப்போதுதான் சிரித்தார். நல்ல சத்தமான சிரிப்பு. தேனீ இருக்கிறதென்று நான்தான் அவரை அடக்க வேண்டியிருந்தது.

"நீங்க ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்தா சீக்கிரம் எடுப்பாங்க" என்றாள் ஷெரின், நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழிக்கப் போனபடி.

சிரிப்பு நின்றது. "கையெழுத்து கேக்காத கண்ணு" என்றார். "ஒரு தடவ போட்டேன். நோட்டீசு கிடைச்சதுக்கு மட்டுந்தான்னு சொன்னாங்க."

ஷெரின் பக்கத்தைக் கிழிக்கவில்லை. டப்பாவை மூடி அவரிடமே கொடுத்தாள். பீரோவுக்கே திரும்பிப் போயிற்று அது.

இறங்கி வந்தபோது, "மேல என்னக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டான் எட்வின்.

"உன் கம்பெனி தெரிஞ்சுது" என்றேன்.

கிளம்பும்போது ரத்னம்மா ஒரு பெரிய கட்டுக் கொத்தமல்லி கொடுத்தார். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "போன தடவ மோர் குடுத்துத்தான் கெட்டுச்சு" என்றார்.

8

ஜெர்மனி திரும்பியதும் ஷெரின் முதல் கடிதம் எழுதினாள். இந்தப் புள்ளியால் அங்கே இருப்பவர்கள் பயப்படுகிறார்கள், எடுத்துவிடுங்கள் என்று. அது தனியார் நிலமா என்று பதில் வந்தது. பாறை புறம்போக்கு, வழி பட்டா நிலம் என்றேன். புறம்போக்கை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டாள். அப்படியே எழுது, வெள்ளைக்காரனும் அப்படித்தான் எழுதினான் என்றேன். இரண்டாவது கடிதம் போயிற்று. நில உரிமையாளர் கையெழுத்திட்ட ஒரு வரி வேண்டும் என்று பதில் வந்தது.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எனக்குப் பதினோரு வருட அனுபவம்.

மூன்றாவது கடிதத்தை ஷெரின் இரண்டு பக்கம் எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. அனுப்பிய பிறகுதான் படிக்கக் கொடுத்தாள். "அவர் கையெழுத்துப் போட மாட்டார், காரணம் கீழே" என்று தொடங்கியிருந்தது. நடுவில் ஒரு வரி: "அங்கே ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தால், அது விளையாட்டு என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்காது." இந்தப் பெண்ணுக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்று நான் இத்தனை வருடம் சண்டை போட்டிருக்கிறேன். அது என்னவோ உண்மைதான், வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்ததும், எட்வின் வாங்கிக் கொடுத்த எண்ணில் ரத்னம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மதியம். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"அக்கா, புள்ளிய எடுத்துட்டாங்க."

"எதுல இருந்து?"

"அந்த விளையாட்டு மேப்ல இருந்து."

"யாரு எடுத்தா?"

"ஷெரின்தான் எழுதிக் கேட்டா. மூணு கடிதம்."

"மூணே கடிதமா?" என்றார். "நாங்க பதினாலு மனு குடுத்திருக்கோம். நெலம் எடுக்கறவங்க மேப்புலயும் எங்க மிச்சக் காட்டு மேல ஒரு கோடு இருக்குதாம். அதையும் எடுக்கச் சொல்லி எழுதச் சொல்லு கண்ணுகிட்ட."

ஷெரின் பக்கத்தில்தான் இருந்தாள். சொன்னேன். உடனே லேப்டாப்பைத் திறந்து, புதிய கடிதம் ஒன்றைத் தொடங்கி, பெறுநர் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"யாருக்கு எழுதணும்னு கேளும்மா" என்றாள்.

கேட்டேன்.

"அங்க கேட்டா இங்கன்றாங்க, இங்க கேட்டா அங்கன்றாங்க" என்றார் ரத்னம்மா. "அந்த ஆளத்தான் நாங்களும் தேடிட்டு இருக்கோம்."